வசீகரம் என்னும் சொல்லின் வசம்

திருமண அழைப்பிதழுக்கு வாசகம் எழுதுபவர் முதல் திரைப்படத்துக்கு விமரிசனம் எழுதுபவர் வரை எல்லாரும் இப்போது தாராளமாக எடுத்தாளும் சொல்லாகிவிட்டது வசீகரம். மாப்பிள்ளை வசீகரம், மேடை அலங்காரம் வசீகரம், புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையின் முகப்பும் வசீகரம். அழகு என்று எழுதினால் சப்பென்று இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் கனமாக ஒன்று வேண்டுமே என்று எழுதுகிற கை தயங்கும் இடத்தில் இந்தச் சொல் வந்து அமர்ந்துகொள்கிறது. நாகர்கோவிலில் தமிழ் கற்பிக்கும் தொழிலில் இருப்பதால் பிள்ளைகளின் கட்டுரைகளிலும் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். சுற்றுலாக் கட்டுரை என்றால் திற்பரப்பு அருவி வசீகரமாக இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலமும் வசீகரமாகத்தான் இருக்கும். தவறு என்று அடித்துவிட முடியாது. ஆனால் இந்தச் சொல்லுக்கென்று ஒரு தனி வேலை இருக்கிறது, அந்த வேலையை அழகு, எழில், வனப்பு, கவின் என்ற எந்தச் சொல்லும் செய்யாது, ஆகையால் அதை அழகுக்கு மாற்றுச்சொல்லாக்கிச் செலவழித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. அதை விரித்துச் சொல்லவே இந்தப் பதிவு.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. வசம் என்றால் கட்டுப்பாடு, ஆளுகை. 'சாவி என் வசம் இருக்கிறது', 'ஊர்ச் சொத்து அவர் வசம் போய்விட்டது' என்று சொல்லும்போது நாம் பயன்படுத்துவதும் இதே வசம்தான். அதனோடு செய்தல் என்னும் பொருளுடைய பகுதி சேர்ந்து வசீகரம் ஆகிறது. இடையில் நிற்கும் நெட்டெழுத்தைக் கவனிக்க வேண்டும். வடமொழியில் ஒரு பெயர்ச்சொல்லோடு செய்தல் என்னும் வினை கூடி, முன்பு அப்படி இல்லாத ஒன்றை அப்படி ஆக்குதல் என்ற பொருளைத் தரும்போது, அந்தப் பெயரின் இறுதி இப்படி ஈகாரமாகத் திரியும். தன்னுடையதாக இல்லாத பிள்ளையைத் தன்னுடையதாக்கிக்கொள்வது சுவீகாரம். இன்னும் ஏற்கப்படாத ஒன்றை ஏற்றுக்கொள்வது அங்கீகாரம். அவ்வாறே, தன் பிடியில் இல்லாத ஒருவரைத் தன் பிடிக்குள் கொண்டுவருவது வசீகரம். 'வசிகரம்' என்று குறிலாக எழுதும்போது வெறும் எழுத்துப்பிழை மட்டும் நேர்வதில்லை. சொல்லுக்குள் நடக்கும் அந்த மாற்றமே விடுபட்டுப்போகிறது. வசித்தல், வசதி ஆகியவை தங்குதல் என்னும் வேறு வேரிலிருந்து வந்தவை. அவற்றுக்கும் இதற்கும் உறவில்லை.

ஆக, அடிப்படையில் இது ஒரு செயலைக் குறிக்கும் சொல். ஒருவர் செய்வார்; மற்றொருவர் அதற்கு ஆட்படுவார். மந்திர நூல்கள் எண்வகைக் கருமங்கள் என்று வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருடணம், பேதனம், வித்துவேடணம், மாரணம் ஆகியவற்றைச் சொல்லும். வசியத்தில் தொடங்கும் அந்த வரிசை மாரணத்தில், அதாவது கொல்லுதலில் முடிகிறது. கவர்ந்திழுப்பதும் கொல்லுவதும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கும்போது, இந்தச் சொல் எந்த வீட்டில் பிறந்தது என்பது விளங்கும். திருமணப் பொருத்தம் பார்க்கிறவர்கள் எண்ணும் பத்துப் பொருத்தங்களில் வசியப் பொருத்தமும் ஒன்று. இரண்டு ராசிகளுக்கு இடையே இயல்பாக அமையும் ஈர்ப்பு என்று அதற்குப் பொருள் கொள்வார்கள். மந்திரத்தின் கெட்ட பெயர் எதுவும் ஒட்டாமல் வசியம் மங்கலமாக நின்றுவிட்ட இடம் அது ஒன்றுதான்.

மற்றபடி ஊர்ப்பேச்சில் வசியம் என்ற சொல்லில் இன்னும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 'அவனுக்க பேச்சில என்னமோ வசியம் இருக்கு மக்களே' என்று எங்கள் பக்கத்தில் ஒரு மூத்த அம்மா சொன்னால், அதில் பாதி வியப்பு, பாதி எச்சரிக்கை. மகன் மனைவி சொல்லைக் கேட்டு நடந்தால் 'வசியம் வச்சுப்போட்டா' என்று மருமகள்மேல் பழி போடும் வழக்கமும் உண்டு. ஒரு பெண்ணின் அன்பும் அறிவும் ஓர் ஆணை இசையவைக்கும் என்று ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள், அதை மருந்தாகவும் மந்திரமாகவும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பேச்சால் குடும்பங்களில் உண்டான துன்பம் கொஞ்சமல்ல. வசியம் என்ற சொல் கறைபட்டுப்போனதற்கு மந்திரவாதிகளைவிட இத்தகைய பேச்சுக்கே பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். வசீகரம் அந்தக் கறையிலிருந்து விலகி மேலேறி வந்துவிட்டது. 'வசியமான முகம்' என்றால் ஒரு பார்வை, 'வசீகரமான முகம்' என்றால் வேறு பார்வை.

இந்த மாவட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சொல்லை இரண்டு காதாலும் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்த பகுதியாக இருந்தவை. மேற்கே போகப்போக மலையாளம் வீட்டுக்குள்ளேயே புழங்கும். அந்த மொழியில் வசீகரிக்குக என்றால் ஆசைகாட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்வது என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் மற்றொருவரை வசீகரித்தார் என்று மலையாளத்தில் சொன்னால், ஏதோ உள்நோக்கம் இருந்தது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். தமிழில் அதே தொடரைச் சொன்னால் பாராட்டு. கேரள எல்லையில் இருக்கும் களியிக்காவிளைக்கு இந்தப் பக்கம் புகழாகவும் அந்தப் பக்கம் குற்றச்சாட்டாகவும் ஒரே சொல் நிற்கிறது. பழைய பொருளை மலையாளம் காப்பாற்றி வைத்திருக்கிறது; தமிழ் அதைக் கழுவி எடுத்துவிட்டது.

இதைவிட எனக்கு வியப்பைத் தருவது கவர்ச்சி என்ற சொல். இது தமிழின் சொந்தச் சொல். கவர்தல் என்ற வினையிலிருந்து வந்தது. கவர்தல் என்றால் பறித்துக்கொள்ளுதல். 'கனியிருப்பக் காய்கவர்ந் தற்று' என்று வள்ளுவர் சொல்லும் இடத்தில் எடுத்து உண்ணுதல் என்ற அளவில் மென்மையாக நிற்கிறது. ஆநிரை கவர்தல் என்னும்போது அது போர். நம் செய்தித்தாள்களும் 'நகைகளைக் கவர்ந்து சென்றனர்' என்றுதான் இன்றைக்கும் எழுதுகின்றன. மலையாளத்திலோ கவர்ச்ச என்றால் கொள்ளை, வேறொன்றும் இல்லை. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் விரித்த மலையாளப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் அந்தச் சொல் கிடந்தால், உள்ளே வங்கிக் கொள்ளையோ வீடு புகுந்த திருட்டோ இருக்கும். அதே வேரில் பிறந்த நம் சொல் திரைப்படச் சுவரொட்டியில் இருக்கும்.

கவர்ச்சிக்குத் தமிழில் நேர்ந்ததும் ஒரு கதை. கவர்ச்சி நடனம், கவர்ச்சிப் படம் என்று சினிமாப் பத்திரிகைகள் அதை உடையோடு மட்டும் தொடர்புடைய சொல்லாகக் குறுக்கிவிட்டன. இன்னொரு பக்கம் வியாபாரிகள் அதைக் 'கவர்ச்சிகரமான சலுகை', 'கவர்ச்சிகரமான வட்டி' என்று கடைவீதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பள்ளி ஆசிரியை ஒருவரின் குரலைக் கவர்ச்சியான குரல் என்று இன்று யாராலும் எழுத முடியாது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் வசீகரம் இவ்வளவு வேகமாகப் பரவியது என்று தோன்றுகிறது. மனத்தை இழுக்கும் தன்மையைக் கண்ணியமாகச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. வேற்றுமொழியிலிருந்து வந்ததாக இருந்தாலும் இது கைக்குக் கிடைத்தது.

தமிழில் மனம் பறிபோவதைக் குறிக்கும் தொடர்களை வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். மனத்தைப் பறிகொடுத்தான். உள்ளம் கொள்ளை போனது. கொள்ளை அழகு. கட்டிப்போட்டுவிட்டது. சொக்கிப்போனேன். மயங்கிவிட்டேன். தன்வசம் இழந்தான். பேரின்பத்தைக் குறிக்க நாம் சொல்லும் பரவசம்கூட, பிறர் வசமாகிப்போன நிலை என்றுதான் சொல்லளவில் பொருள்படும். இவை அனைத்தும் பார்க்கப்பட்ட பொருள் எப்படி இருந்தது என்பதைப் பற்றிப் பேசவே இல்லை. பார்த்தவரிடமிருந்து என்ன போயிற்று என்பதையே பேசுகின்றன. திருட்டு, கட்டு, போதை, தோல்வி என்று இழந்தவரின் வாக்குமூலமாகவே எல்லாம் அமைந்திருக்கின்றன. வள்ளுவர் காமத்துப்பாலின் முதல் இயலில் பாடுவதும் களவு; களவியல் என்றே அதற்குப் பெயர். அழகு பொருளிடம் இருப்பது, வசீகரம் பார்ப்பவரிடம் நடப்பது என்று நான் வகுப்பில் சொல்வதற்கு இதுவே ஆதாரம். யாரும் பார்க்காவிட்டாலும் மாத்தூர் தொட்டிப்பாலம் அழகாகத்தான் நிற்கும். யாரும் பார்க்காத இடத்தில் வசீகரம் என்று ஒன்று இல்லை.

கன்னியாகுமரி பகவதி அம்மனின் மூக்குத்தியைப் பற்றி வழங்கும் செய்தியைவிட இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கோவிலின் கிழக்கு வாசல் கடலைப் பார்த்தது. அது எப்போதும் அடைத்தே இருக்கும்; குறிப்பிட்ட சில விசேஷ நாட்களில் மட்டும் திறப்பார்கள். அன்றாடம் நாம் உள்ளே போவது வடக்கு வாசல் வழியாக. ஏன் அடைத்தார்கள் என்று கேட்டால் ஊரில் யாரும் சொல்வது இதுதான்: அம்மனின் வைர மூக்குத்தி இரவில் சுடர்விடும், கடலில் வரும் மாலுமிகள் அதைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணிக் கரையை நோக்கிக் கப்பலைத் திருப்புவார்கள், பாறைகளில் மோதிக் கப்பல் உடையும், ஆகவே அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள்.

இந்தச் செய்தியில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அம்மன் யாரையும் அழைக்கவில்லை. திருமணம் கூடாமல் போன கன்னியாக, கையில் மாலையோடு தவத்தில் நிற்கிறாள். ஒளியும் தன் இயல்பில்தான் இருந்தது. கப்பலில் இருந்தவனோ அதைப் பார்க்க மட்டும் செய்யவில்லை, சுக்கானைத் திருப்பினான். அந்தத் திருப்பம்தான் வசீகரம். வைரம் அழகு என்பதற்குச் சாட்சி கருவறையில் இருக்கிறது. அது வசீகரம் என்பதற்குச் சாட்சி உடைந்த கப்பல். அந்த நிலைமைக்கு ஊர் கண்ட தீர்வையும் பாருங்கள். மூக்குத்தியைக் கழற்றவில்லை, ஒளி குறைந்த கல்லை மாற்றிவைக்கவும் இல்லை. இடையில் ஒரு கதவைச் சாத்தினார்கள். ஒளியின்மேல் குற்றம் காணாமல், கண்டவனையும் குறை கூறாமல், இரண்டுக்கும் நடுவே நடந்ததை மட்டும் நிறுத்திய செயல் அது. கதை நடந்ததா என்பதை விட்டுவிடலாம். இப்படி ஒரு கதையை நம்பிச் சொல்லிவந்த மக்களுக்கு வசீகரம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அழைக்காமல் இழுப்பது, இழுத்தபின் அஞ்சவைப்பது என்னும் இரண்டும் சேர்ந்த தன்மைக்குப் பழந்தமிழில் வேறொரு சொல் இருந்தது. அது அணங்கு. வருத்தும் தெய்வம், வருத்தம், அச்சம், பேரழகுடைய பெண் என்று அதற்குப் பல பொருள். மலையிலும் சுனையிலும் கடல்துறையிலும் உறையும் ஆற்றலாகச் சங்கப் பாடல்கள் அதைச் சொல்லும். திருக்குறளின் 109ஆம் அதிகாரத்துக்குத் தகையணங்குறுத்தல் என்று பெயர். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலுமென் நெஞ்சு' என்பது அதன் முதற்குறள். தெய்வப் பெண்ணோ, மயிலோ, மனிதப் பெண்தானோ என்று நெஞ்சு மயங்குகிறது. அவன் வியப்பதற்கு முன்பே கலங்கிவிடுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். 'மாலும்' என்பதற்கு மயங்கும் என்று பொருள். வசீகரம் நடக்கும் முதல் நொடியை அந்த ஈற்றடி பிடித்து வைத்திருக்கிறது. முக்கடல் முனையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடிச் சிலையைப் பார்க்க வரும் கூட்டம் அறத்துப்பாலைத்தான் பெரும்பாலும் மேற்கோள் காட்டும். களவியலின் இந்தப் பத்துக் குறளையும் அங்கே நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

அணங்கு என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. அதன் பொருள் எங்கள் மாவட்டத்தில் ஒழியவில்லை. மூலைக்கு மூலை இருக்கும் இசக்கியம்மன் கோவில்களில் அது குடியிருக்கிறது. இயக்கி என்பது இசக்கி ஆயிற்று என்பார்கள். சிலப்பதிகாரத்தில் மாதரி பால்மடை கொடுத்து வணங்கும் தெய்வம் 'பூங்கண் இயக்கி'. சிதறால் மலையில், சமணர்கள் தங்கிய குகைத்தளத்துப் பாறைச் சிற்பங்களிடையே அம்பிகா இயக்கி நிற்கிறாள். பிற்காலத்தில் அந்த இடம் பகவதி கோவிலாயிற்று. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் இசக்கியம்மன் கோவிலை நீலி கதையோடு சேர்த்தே சொல்வார்கள். கொடை நாளில் வில்லுப்பாட்டுக்காரர்கள் அந்தக் கதையை இரவெல்லாம் பாடுவார்கள்.

நீலி கதையில் வசீகரம் வேலை செய்யும் இடம் நாம் எதிர்பார்க்கும் இடமன்று. முற்பிறவியில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்கப் பேயாக வந்த நீலி, இப்பிறவியில் வணிகனாக இருக்கும் அந்தச் செட்டியைப் பின்தொடர்கிறாள். பேரழகியாகத்தான் வருகிறாள். ஆனால் செட்டி அவளிடம் மயங்குவதில்லை. அவள் யாரென்று அவனுக்கு ஐயம் இருக்கிறது, ஓடுகிறான். ஊருக்குள் வந்ததும் அவள் கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என் கணவன் என்னைக் கைவிட்டு ஓடுகிறான்' என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுகிறாள். பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். அலறுகிறவனையும் அழுகிறவளையும் ஒரே அறைக்குள் வைத்துக் கதவடைக்கிறார்கள். அதாவது, அழகு யாரைக் குறிவைத்ததோ அவன் அந்த மயக்கத்துக்குத் தப்பித்தான். அழுகை யாரைக் குறிவைத்ததோ அவர்கள் மாட்டிக்கொண்டார்கள். உண்மையில் வசீகரிக்கப்பட்டவர்கள் அந்த ஊரின் நியாயம் தெரிந்த மனிதர்கள். நீலிக் கண்ணீர் என்ற வழக்கு அங்கிருந்துதான் வந்தது. வசீகரம் முகத்தில் மட்டும் இருப்பதில்லை, சொல்லிலும் குரலிலும் துயரத்திலும்கூட இருக்கும் என்பதை இந்தக் கதையைவிட அழுத்தமாகச் சொன்ன வேறு கதை எனக்குத் தெரியாது.

அச்சமும் கவர்ச்சியும் இப்படி ஒன்றாகவே கிடக்க வேண்டுமா என்று கேட்கலாம். திருமுருகாற்றுப்படையில் இதற்கு மிக இனிமையான விடை ஒன்று இருக்கிறது. தன்னைத் தேடிவந்த புலவன்முன் முருகன் வானளாவிய வடிவோடு வருகிறான். வந்தவன், 'அணங்குசால் உயர்நிலை தழீஇ', அதாவது பிறரை நடுங்கவைக்கும் அந்த உயர்ந்த நிலையை உள்ளடக்கிக்கொண்டு, 'மணங்கமழ் தெய்வத்து இளநலம்' காட்டி, அஞ்சாதே என்கிறான். ஆற்றல் போய்விடவில்லை, உள்ளே இருக்கிறது. வெளியே மணமும் இளமையும் மட்டும் தெரிகின்றன. மனிதரைப் பார்த்து வசீகரமானவர் என்று நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது இதைத்தான் சொல்ல முயல்கிறோம் என்று நினைக்கிறேன். நம்மை நடுங்கவைக்கும் வல்லமை உள்ளவர் அதை ஒளித்துவைத்துக்கொண்டு நம் பக்கத்தில் வந்து அமர்கிறார். பூதப்பாண்டியில் 1907இல் பிறந்த ஜீவானந்தத்தின் மேடைப் பேச்சைக் கேட்ட முன்தலைமுறையினர், 'கூட்டத்தைக் கட்டிப்போட்டுவிடுவார்' என்று சொல்வார்கள். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, வில்லுப்பாட்டில் தொடங்கித் திரைக்குச் சென்ற கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றியும் அதே சொல் வரும். ஒருவர் முழங்கினார், ஒருவர் சிரிக்கவைத்தார், கட்டு ஒன்றுதான். இருவரையும் அழகர் என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகும் நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் காட்டும் பாடல் வேறொன்று. பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூற்றுப் பாட்டு, 188ஆவது. பெரிய செல்வன், பலரோடு அமர்ந்து உண்கிறவன். அவன் வீட்டில் குழந்தை குறுகுறுவென நடந்து, சிறிய கையை நீட்டி, உண்கலத்தில் இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும், நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. அத்தகைய 'மயக்குறு மக்களை' இல்லாதவர்க்கு வாழும் நாளில் பயனே இல்லை என்று முடிகிறது பாட்டு. மயக்குறு என்ற ஒரு சொல்லில்தான் என் கண் நிற்கும். குழந்தைக்கு எந்த நோக்கமும் இல்லை. மந்திரம் இல்லை, மருந்து இல்லை, யாரையும் வெல்லும் எண்ணம் இல்லை. சோறு சிந்துகிறது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டை ஆண்டவன் அந்தச் சோற்றுக் கையின்முன் தன் அறிவையும் அதிகாரத்தையும் மறந்துவிடுகிறான். எண்வகைக் கருமத்தில் தொடங்கிய சொல் எட்டக்கூடிய மிகத் தூய இடம் இது. பிள்ளைகளும் இந்தப் பாட்டைப் படித்துக்காட்டியதும் புரிந்துகொள்கிறார்கள். வீட்டில் தம்பி தங்கை இருக்கிறவர்கள் சிரிக்கவும் செய்கிறார்கள்.

எதை அழகு என்பது, எதை வசீகரம் என்பது என்ற குழப்பம் வரும்போது நான் தோவாளைப் பூச்சந்தையை நினைத்துக்கொள்வேன். அங்கே இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அரளிப்பூவை மடித்து மடித்து, இடையில் நொச்சி இலையின் பச்சையும் வெள்ளை அரளியும் வரிசை தப்பாமல் வரும்படி பட்டையாகக் கட்டுவார்கள். தட்டையாகக் கிடத்தினால் பூமாலை என்றே தோன்றாது. கல் பதித்த அணி என்று தோன்றும். அதை ரசிக்கப் பார்வை வேண்டும், பொறுமை வேண்டும், கட்டியவரின் விரலை நினைத்துப் பார்க்கும் மனம் வேண்டும். நாம் அதன் பக்கம் போகிறோம். அது அழகு. அங்கேயே நாலு எட்டு தள்ளி, ஈரச் சாக்கின்மேல் பிச்சிப்பூ குவிந்து கிடக்கிறது. மொட்டு முனையில் இளஞ்சிவப்பு ஓடியிருக்கும். அதைப் பார்க்கும் முன்பே மணம் வந்துவிடும். பேச வந்த வாக்கியம் பாதியில் நிற்கும், தலை தானாகத் திரும்பும், வாங்கும் எண்ணமே இல்லாதவர் விலை கேட்பார். அதற்கு நம் ரசனையும் வேண்டியதில்லை, சம்மதமும் வேண்டியதில்லை. அதுதான் வசீகரம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் நான் மாணிக்கமாலை பக்கம் நிற்பேன். ஆனால் பிச்சிப்பூவுக்குரிய சொல்லை எடுத்து மாணிக்கமாலைக்குப் போட மாட்டேன்.

கம்பனின் உலாவியற் படலத்தில் 'தோள்கண்டார் தோளே கண்டார்' என்ற பாடலுக்கும் இதே இலக்கணம் பொருந்தும். இராமனின் தோளைக் கண்டவர் கண் அங்கேயே நின்றுவிட்டது; தாளைக் கண்டவர் தாளை விட்டு மேலே போகவில்லை; கையைக் கண்டவரும் அப்படியே. முழு வடிவத்தையும் கண்டவர் யார் என்று கம்பன் கேட்கிறான். அழகைக் காண்கிறவர் முழுவதும் கண்டு, ஒப்பிட்டு, இன்னது இப்படி இருந்தது என்று வந்து சொல்ல முடியும். வசீகரத்துக்கு ஆட்பட்டவர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர். அவர் கண்டது ஒரு பகுதியை. இதனாலேயே விமரிசனத்தில் 'வசீகரமான நாவல்' என்று எழுதும்போது கவனம் வேண்டும் என்பேன். அது நாவலைப் பற்றிய தீர்ப்பன்று; படித்தவர் நிலையைப் பற்றிய செய்தி.

கடைசியாக, எழுதும் முறையைப் பற்றிச் சில சொற்கள். வசீகரி என்பது செயப்படுபொருள் வேண்டும் வினை. எது வசீகரிக்கிறது என்பது எழுவாயாக வர வேண்டும், யாரை என்பது இரண்டாம் வேற்றுமையில் வர வேண்டும். 'அந்தக் குரல் என்னை வசீகரித்தது' சரி. 'நான் அந்தக் குரலை வசீகரித்தேன்' என்று ரசித்தேன் என்ற பொருளில் எழுதினால் திசையே தலைகீழாகிவிடும். இப்படி எழுதப்பட்ட வாக்கியங்களை நான் பார்த்திருக்கிறேன். 'வசீகரிக்கப்பட்டேன்' என்ற செயப்பாட்டு வடிவம் இலக்கணப்படி தவறில்லை என்றாலும் நாவில் கனக்கிறது. அந்த இடத்தில் வசமானேன், கட்டுண்டேன், மயங்கினேன், சொக்கிப்போனேன் என்று நமக்குச் சொந்தமான வினைகள் காத்திருக்கின்றன. அவற்றிலும் சொக்குதல் எனக்கு மிகவும் பிடித்தது. சொக்கன் என்று மதுரைச் சிவனுக்குப் பெயராகவும், சொக்கத்தங்கம் என்று மாசற்ற பொன்னாகவும், சொக்குப்பொடி என்று மருந்தாகவும் அது நிற்கிறது. தெய்வம், தூய்மை, மயக்கம் மூன்றையும் ஒரே சொல்லடியில் கட்டிவைத்த மொழி இது. முகத்தில் ஒளி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் களை என்ற சொல் போதும். 'பிள்ளைக்க முகத்துல நல்ல களை' என்று வீட்டில் சொல்வதை அப்படியே எழுதலாம். மேடை அலங்காரத்துக்கு அழகு போதும், மலைக்கு எழில் போதும், தள்ளுபடிக்கு மலிவு போதும். சுக்கானைத் திருப்பவைத்த ஒன்றைப் பற்றி எழுதும்போது, அப்போது வசீகரம் என்று எழுதுங்கள், நெடிலோடு எழுதுங்கள்.